பூஜ்யத்தைவிடப் பாதி பெரிது

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியை நிறுத்தும் துணிச்சல் சித்திக்கு மட்டுமே இருந்தது. அதுவும் மே மாதத்தில், காலை பதினொரு மணிக்கு, சன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு. மதுரைத் திருநகரில் அந்த நேரத்துக்குத் தெருநாய்கள்கூட நிழல் தேடிப் போய்ப் படுத்துவிடும். நாங்கள் நான்கு பேர், சித்தி தரையில் சாக்பீஸால் போட்ட வட்டங்களுக்குள் ஆளுக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். அசையக் கூடாது. பேசக் கூடாது. பெருமூச்சு விடக் கூடாது. வாசனை மூக்குக்கு வந்ததும் கையைத் தூக்க வேண்டும். எங்கள் வேலை அவ்வளவுதான்.

சித்தி என் அம்மாவின் தங்கை. இயற்பியலில் எம்.எஸ்ஸி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை. மாதம் ஒருமுறைதான் வருவார். அதனால் நானும் அம்மாவும் தாத்தாவின் வீட்டிலேயே இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. இரவு சித்தியின் போர்வைக்குள்தான் தூங்குவேன், அவள் தட்டில்தான் சாப்பிடுவேன், அவள் கல்லூரிக்குப் போகும் நாட்களில் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுவேன். வாயுக்கள் எப்படிப் பரவுகின்றன என்பதைப் பற்றி அவள் ஏதோ எழுத வேண்டியிருந்தது. அதற்குத்தான் இந்தக் கூடமும், நாங்கள் நான்கு மூக்குகளும்.

கூடத்தின் ஒரு கோடியில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. அதற்குள் இரண்டு முழம் மதுரை மல்லிகை. பக்கத்து வட்டத்தில் நான். எனக்கு அப்பால் அம்மா. அதற்கப்பால் மாடியில் குடியிருந்த அக்கா. வேடிக்கை பார்க்க வந்தவளையும் சித்தி பிடித்து உட்கார வைத்துவிட்டாள். மறுகோடியில், சாமி அலமாரிக்குக் கீழே, தாத்தா. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த விஷயத்துக்கும் விதி எண் கேட்கிற மனிதர். மகளின் படிப்புக்காகச் சட்டையைக் கழற்றிவிட்டு வியர்க்க வியர்க்கத் தரையில் உட்கார்ந்திருந்தது, அவரை அறிந்தவர்கள் யாரும் நம்பாத காட்சி.

சித்தி டப்பாவைத் திறந்து செல்போனில் நேரத்தைத் தட்டினாள். முதலில் நான் கையைத் தூக்கினேன். இரண்டாவதாகத் தூக்கியது அம்மா இல்லை, மறுகோடியிலிருந்த தாத்தா.

“எப்படிப்பா? அக்காவுக்கே இன்னும் வரல.”

“எனக்கு வந்துருச்சும்மா.”

சித்தி அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஈரத் துண்டு சுருட்டிக் கிடந்தது.

“விசிறுனீங்களா?”

“லேசா” என்றார் தாத்தா, லஞ்சம் வாங்கிப் பிடிபட்டவரைப் போல.

மறுபடி கதவுகளைத் திறந்து, கூடத்தைக் காற்றாட விட்டு, மறுபடி சாத்தி, மறுபடி முதலிலிருந்து. துண்டைச் சித்தி பறித்துக்கொண்டாள். இந்த முறை மல்லிகை மணம் ஒழுங்காக என்னிடம் வந்து, அம்மாவிடம் போய், மாடிவீட்டு அக்காவைக் கடந்து, நாலேகால் நிமிடத்தில் தாத்தாவைச் சேர்ந்தது. சித்தி நோட்டில் எழுதினாள். எழுதிவிட்டு ஏதோ கணக்குப் போட்டாள். அப்புறம் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

“என்னடி?” என்றாள் அம்மா.

“என் கணக்குப்படி இந்த வாசனை அப்பாகிட்ட போய்ச் சேர எத்தன நாள் ஆகணும் தெரியுமாக்கா? நாள் இல்ல. வாரக்கணக்கா ஆகணும்.”

தாத்தா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மல்லிகையிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு துகளும் துப்பாக்கிக் குண்டு வேகத்தில் பறக்கிறதாம். ஆனால் நேராகப் போக முடியாதாம். ஒரு வினாடிக்குள் நூறு கோடி தடவைக்கு மேல் காற்றுத் துகள்கள் மேல் முட்டி, திசை மாறி, மறுபடி முட்டி, கடைசியில் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே தடுமாறிக்கொண்டிருக்குமாம். திருப்பரங்குன்றத்துத் தேர்க் கூட்டத்தில் ஒருவன் என்னதான் வேகமாக ஓட நினைத்தாலும் கிரிவீதியைக் கடக்க முடியாதது மாதிரி. அப்படியானால் நாலேகால் நிமிடத்தில் அது எப்படி வந்தது? நாங்கள் மூச்சு விட்டது, எங்கள் உடம்புச் சூடு, கூரையின் அனல், இதெல்லாம் சேர்ந்து கூட்டத்தையே மொத்தமாக நகர்த்தியிருக்கிறது.

“நாம அசையாம இருந்தாலும் காத்து சும்மா இருக்க மாட்டேங்குதுப்பா” என்றாள் சித்தி. தன் கணக்கு பொய்த்துப்போனதற்கு ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் என் கணக்குகள் தப்பாகும்போது யாரும் சிரித்ததில்லை.

தாத்தாவுக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. திறந்து கிடந்த டப்பாவைச் சுட்டிக்காட்டினார்.

“வெளிய போன வாசனை தானா மறுபடி இதுக்குள்ள வந்து அடையுமா?”

“அடையலாம்ப்பா. கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்ல. ஆனா எம்புட்டு காலம் காத்துக் கெடந்தாலும் நாம பார்க்க மாட்டோம்.”

“சட்டம் இல்லாமயே ஒண்ணு நடக்காமப் போகுமா?”

“போகும்ப்பா. எல்லாத் துகளும் டப்பாவுக்குள்ள இருக்கிறதுக்கு வழி ரொம்பக் கம்மி. கூடம் பூராப் பரவிக் கெடக்குறதுக்கு எண்ணி முடியாத வழி. எது எதுன்னு பார்த்து யாரும் தடுக்கல. வழி அதிகமா இருக்கிற பக்கம் தன்னால போயிருது, அம்புட்டுத்தான்.”

தாத்தா டப்பாவை எடுத்து மூடி வைத்தார். முப்பத்தைந்து வருடம் சட்டத்தையும் விதியையும் எழுதிக் கொடுத்து வாழ்ந்தவருக்கு அது பெரிய செய்தியாக இருந்திருக்க வேண்டும். அன்று மதியம் சாப்பிடும்போது யாரிடமென்றில்லாமல், “தன்னால போயிருதாம்ல” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார். சித்தி ரசம் வாங்கிக்கொள்ள நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

எனக்கு அதில் பாதிதான் விளங்கியது. பரவிய மணம் கலந்துவிடும், கலந்தது பிரியாது. அதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டேன்.

அந்த மாத முடிவையொட்டி வீட்டுக்கு இரண்டு நல்ல செய்திகள் வந்தன. ஒன்று மட்டும் வந்திருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்போம்.

வில்லாபுரத்திலிருந்து சித்தியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. நல்ல குடும்பம், நல்ல மனிதர்கள். இன்றுவரை அவர்களைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு எதுவும் கிடையாது. ஆவணியில் முகூர்த்தம், படிப்பு இத்தோடு போதும் என்பது அவர்கள் பேச்சு. தாத்தா சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். தாம்பூலம் மாற்றுவது மட்டும்தான் பாக்கி.

பத்து நாள் கழித்து, கல்கத்தா பக்கம் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து சித்திக்கு இடம் கிடைத்த செய்தி வந்தது. ஐந்து வருடம் தங்கி ஆராய்ச்சி செய்ய வேண்டும். அதற்கான தேர்வை அவள் தாத்தாவின் அனுமதியோடுதான் எழுதினாள். இந்தியா முழுவதும் ஆயிரக்கணக்கில் எழுதுகிற பரீட்சையில் திருநகர்ப் பெண்ணுக்கா கிடைக்கப்போகிறது என்ற நம்பிக்கையில், “எழுதத்தான செய்யுது, எழுதட்டும்” என்று சொல்லியிருந்தார்.

சித்தி அழவில்லை. சாப்பிடாமல் கிடக்கவில்லை. மறுநாள் காலை தாத்தா காப்பி குடித்து முடித்த பிறகு போய் நின்று, “அப்பா, நான் போகவா?” என்று கேட்டாள்.

“வாக்குக் குடுத்துட்டேன்மா. வேணாம்.”

“சரிப்பா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அடுத்த நாள் அதே நேரம், அதே இடம், அதே கேள்வி. அதே பதில். குரலை உயர்த்தவில்லை, ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இப்படியே பதினொரு நாள். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அவர்தான் வேணாம்னுட்டாருல்ல. எதுக்குடி தெனமும் போயிக் கேட்டு அவமானப்படுற?”

“ஒவ்வொரு நாளும் தனித்தனிக்கா. நேத்து வேணாம்னு சொன்னாருங்கிறதுக்காக இன்னைக்கும் அதையே சொல்லணும்னு இல்ல.”

பன்னிரண்டாம் நாள் தாத்தா வேறு பதில் சொன்னார். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சித்தியின் முகத்தைப் பார்க்காமல், “குலசாமிகிட்ட பூக்கட்டிப் பார்த்துருவோம். சாமி சொல்றதுதான் முடிவு” என்றார்.

எங்கள் பக்கத்தில் மனதுக்கு ஒரு முடிவு கிடைக்காதபோது அப்படிச் செய்வார்கள். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் கட்டிச் சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு அரளி வந்தால் கல்யாணம், வெள்ளை மல்லிகை வந்தால் கல்கத்தா என்று பேச்சானது. சித்தி உடனே சரி என்றாள்.

அம்மா அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“உனக்குத்தான் இதுலயெல்லாம் நம்பிக்கையே கெடையாதே. எதுக்கு ஒத்துக்கிட்ட? உன் வாழ்க்கைய ஒரு எலைக்குள்ள வச்சுக் கட்டுவாங்களா?”

சித்தி தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுச் சொன்னாள். “நேத்து வரைக்கும் எனக்குப் பூஜ்யம்க்கா. இன்னைக்குப் பாதி. பூஜ்யத்தவிடப் பாதி எம்புட்டோ பெருசு.”

 குடித்த டம்ளரிலேயே மறுபடி தண்ணீர் மொண்டாள், குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டாள்.

எடுக்கப்போகிற குழந்தை நான். வேறு குழந்தை வீட்டில் இல்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே எண்ணம்தான். சித்தி போகக் கூடாது. வில்லாபுரம் என்றால் டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கல்கத்தாவுக்கு ரயிலில் இரண்டு நாள் ஆகும் என்று மாடிவீட்டு அக்கா சொல்லியிருந்தாள். சிவப்புப் பொட்டலத்தை எடுக்க வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு எனக்கு வழி தெரிந்திருந்தது. அரளிக்கு மணம் இல்லை. மல்லிகையை எத்தனை இலைக்குள் கட்டினாலும் மணத்தைக் கட்ட முடியாது. எந்தப் பொட்டலம் மணக்கவில்லையோ அதை எடுத்தால் போதும். சித்தியின் ஆராய்ச்சியில் நான் கற்றதைச் சித்திக்கு எதிராகவே பயன்படுத்தத் திட்டம் போட்டேன். ஒன்பது வயதில் அது துரோகமாகத் தெரியவில்லை. பாசமாகத்தான் தெரிந்தது.

குலசாமி கோயில் திருமங்கலத்தைத் தாண்டி, பிரதான சாலையை விட்டு விலகி, கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது. பருத்தி எடுத்து முடிந்து நிலம் வெடித்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வாடகைக் காரில் போனோம். தாத்தா விடியும் முன்பே எழுந்து தயாராகிவிட்டார். மல்லிகையை அவரே கடைத்தெருவுக்குப் போய் வாங்கினார். அரளி எங்கள் வீட்டு வாசலிலேயே பூக்கும். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததும், “நானே கட்டுறேன், வேற யாரும் பார்க்க வேணாம்” என்று சொல்லி, பையோடு கோயிலுக்குப் பின்பக்கம் போய்விட்டார். திரும்பி வரும்போது இரண்டு கைகளிலும் இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள். ஒரே அளவு, ஒரே மாதிரி நார்க்கட்டு. பூசாரி வாங்கி அம்மன் காலடியில் வைத்துச் சூடம் காட்டினார்.

“பாப்பா, நல்லாச் சாமியக் கும்பிட்டு, கண்ண மூடிக்கிட்டு ஒண்ண எடு.”

நான் கண்ணை மூடினேன். கும்பிட்டபடி நன்றாகக் குனிந்தேன். பக்தி அதிகம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். வலப்பக்கப் பொட்டலத்துக்கு மேல் மூக்கைக் கொண்டுபோய் மெல்ல மூச்சை இழுத்தேன். மல்லிகை. மனதுக்குள் துள்ளிவிட்டேன். அப்படியானால் இடப்பக்கம்தான் சிவப்பு. எதற்கும் உறுதிசெய்துகொள்வோம் என்று தலையை நிமிர்த்தினேன். சூடமும் எண்ணெய்ப் பிசுக்கும் மணத்தன. இடப்பக்கம் குனிந்தேன்.

அதிலும் மல்லிகை.

மறுபடி வலப்பக்கம். மல்லிகை. மறுபடி இடப்பக்கம். மல்லிகை. “போதும் பாப்பா, எடு” என்றார் பூசாரி. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. மணம் ஒரு பொட்டலத்திலிருந்து வெளியே வந்து, பரவி, அடுத்த பொட்டலத்திலும் போய் ஏறிக்கொண்டுவிட்டது. கலந்தது இனிமேல் பிரியாது. எத்தனை காலம் குனிந்து நின்றாலும் பிரியாது. சித்தி சொன்னது இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு கொடுமையாக உண்மையாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கைக்கு அருகில் இருந்த இடப்பக்கப் பொட்டலத்தை எடுத்துப் பூசாரியிடம் நீட்டினேன்.

அவர் நாரை அவிழ்த்தார். வெள்ளை.

அம்மா “ஆத்தா!” என்று கத்திவிட்டாள். நான் ஓவென்று அழுதேன். “பிள்ளைக்கு மெய் சிலிர்த்துருச்சு பாருங்க” என்று பூசாரி என் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். சித்தி அசையவில்லை. கண்களை மூடிக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே நின்றாள்.

மீதிப் பொட்டலத்தைத் தாத்தா எடுத்து வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டார்.

“தாத்தா, அதையும் பிரிச்சுப் பார்ப்போம்” என்றேன் அழுகைக்கு நடுவில்.

“கூடாது பாப்பா. சாமி சொன்ன பெறகு இன்னொண்ணப் பிரிச்சா நம்பலேன்னு அர்த்தமாயிரும்” என்றார் பூசாரி. தாத்தா அதற்குள் கோயில் கிணற்றை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். வயதுக்கு மீறிய வேகமாக நடந்தார்.

சித்தி ஆடி மாதம் கல்கத்தாவுக்குப் போனாள். ஆறு வருடம் படித்தாள். இப்போது வேறொரு ஊரில் பேராசிரியை. வாயுக்களைப் பற்றித்தான் இன்னமும் ஆராய்ச்சி செய்கிறாள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவளிடம் சந்தேகம் கேட்பதாக அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அதில் மிகை இருக்கலாம், பொய் இல்லை. நான் அவள் அளவுக்குப் போகவில்லை. திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள், ஒன்பதாம் வகுப்பில் மணம் பரவுவதைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். செண்ட் பாட்டிலைத் திறந்து வைத்து, மணம் வந்தவர்கள் கையைத் தூக்கச் சொன்னேன். கடைசி வரிசைப் பிள்ளைகள்வரை கை தூக்கிய பிறகு, முதல் வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: “மிஸ், இப்ப வாசனை எல்லா எடத்துலயும் இருக்குன்னா, எந்த எடத்துல மோந்து பார்த்தாலும் ஒரே மாதிரிதான இருக்கணும்?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கோயிலில், இரண்டு பொட்டலங்களுக்கும் நடுவே தலையை நிமிர்த்தியபோது எனக்கு மல்லிகை மணக்கவில்லை. சூடமும் எண்ணெயும்தான் மணத்தன. மணம் பரவிக் கலந்திருந்தால் அங்கேயும் மணந்திருக்க வேண்டும். பொட்டலத்துக்குப் பக்கத்தில் போனால் மட்டும் மணம், விலகினால் இல்லை. இரண்டு பொட்டலத்திலும் அப்படித்தான். அதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு. இரண்டுக்குள்ளும் மல்லிகைதான் இருந்திருக்கிறது.

கட்டியவர் தாத்தா.

அன்று சாயங்காலமே சித்திக்குப் போன் செய்தேன். தாத்தா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அதுவரை நான் மோந்து பார்த்த கதையை ஒரே ஒருவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. எல்லாவற்றையும் சித்தியிடம் கொட்டி முடித்தேன்.

“எனக்குத் தெரியும்டி” என்றாள்.

“எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே. முந்தின நாள் சாயங்காலம் வாசல் அரளிக்குத் தண்ணி ஊத்துறப்போ எண்ணிப் பார்த்தேன், ஏழு பூ விரிஞ்சிருந்துச்சு. என் தலைவிதி அந்த ஏழுல ஒண்ணுதானேன்னு எண்ணுனேன். கோயில்லருந்து திரும்பி வந்து பார்த்தேன். ஏழும் அப்படியே இருந்துச்சு.”

“தாத்தாகிட்ட கேட்டியா?”

“கேக்கல. அவரும் சொல்லல. கேட்டிருந்தா அவர் இன்னொரு பொய் சொல்லணும். எனக்காக ஒருதரம் சொன்னது போதாதா?”

தாத்தா வாழ்நாளில் கொடுத்த வாக்கை மீறியதில்லை. அவரால் வில்லாபுரத்துக்காரர்களிடம் போய் “என் மகளுக்கு இஷ்டமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல முடியாது. பதினொரு நாள் காலையில் தன் முன்னால் வந்து நின்ற அந்தக் கேள்விக்கு இனியும் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. மனிதர்கள் எதிர்த்துப் பேச முடியாத ஒரு முடிவு அவருக்குத் தேவைப்பட்டது. சாமிக்குக்கூட அதில் பாதி வாய்ப்பை விட்டுவைக்க அவர் மனம் ஒப்பவில்லை. சித்தி பாதியைக் கேட்டாள். அவர் முழுதாகக் கொடுத்தார்.

அந்தப் பொய்யை அவர் சொன்ன இடத்தில் நான் இருந்தேன்.

கோயிலுக்குப் போய்வந்த மறுநாள், திங்கட்கிழமை, தாத்தா என்னையும் அழைத்துக்கொண்டு வில்லாபுரத்துக்குப் போனார். போனில் சொல்வது மரியாதை இல்லை, நேரில்தான் சொல்ல வேண்டும் என்றார். பூ எடுத்தவள் என்பதால் சாட்சிக்கு நான். இரண்டு பஸ் மாறிப் போனோம். வெள்ளைச் சட்டை, புது வேட்டி. 

மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்கே வந்து வரவேற்றார். எங்கள் இருவரையும் நாற்காலிகளில் உட்கார வைத்து, தாத்தாவுக்குக் காப்பியும் எனக்கு மிக்சரும் கொடுத்தார்கள். தாத்தா நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அவர் கை ஈரமாக இருந்தது.

 அந்த வீட்டுப் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

“நீதான் எடுத்தியாம்மா?”

“ஆமா.”

“கண்ண மூடிக்கிட்டுத்தான எடுத்த?”

“ஆமா” என்றேன். கண்ணை மூடித்தான் இருந்தேன். மூக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை. இருந்தாலும் மிக்சர் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். தாத்தாவின் கை என் கையை இறுக்கியது.

“அப்பச் சரி” என்றார் பெரியவர். “வேற யாரும் வந்து இப்படிச் சொல்லியிருந்தா சந்தேகப்பட்டிருப்பேன். நீங்க பொய் பேச மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். சாமியே சொன்ன பெறகு நாம என்ன செய்ய முடியும்? பொண்ணு நல்லாப் படிக்கட்டும்.”

தாத்தா எழுந்து அவரைப் பார்த்துக் கும்பிட்டார். தன்னைவிட வயதில் இளையவரை அவர் அப்படிக் குனிந்து கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவர் கையை உதறிக்கொண்டு நின்றேன்.

“தாத்தா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

“என்ன?”

“பொட்டலத்த மோந்து பார்த்தேன்.”

அவர் முகம் மாறியது. “மோந்து பார்த்தியா?”

“ஆமா. செவப்பக் கண்டுபிடிக்கணும்னு பார்த்தேன். ஆனா ரெண்டுலயும் மல்லிகை வாசந்தான் அடிச்சுச்சு தாத்தா.”

எங்கள் பஸ் வந்தது. நின்றது. தாத்தா ஏறவில்லை. நடத்துநர் விசிலடித்து, பஸ் போய்விட்டது. அவர் நிழற்குடைத் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அடி விழும் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்.

“இத வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்ல தாத்தா.”

“சொல்லாத பாப்பா” என்றார். அவர் குரல் அதுவரை நான் கேட்டிராத மாதிரி இருந்தது, கெஞ்சுவதுபோல. “யாருகிட்டயும் சொல்லாத. உங்கம்மாகிட்ட, சித்திகிட்டகூட. எப்பவுமே சொல்லாத.”

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்று அவர் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தேன். எவ்வளவு பெரிய தப்பைச் செய்திருக்கிறேன், அடிக்காமல், திட்டாமல், ஊருக்கும் தெரியாமல் மறைத்து என்னைக் காப்பாற்றுகிறாரே, தாத்தா எவ்வளவு நல்லவர் என்று நெஞ்சு நிறைந்துபோய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.